உயிர்த்தகவலியல் மென்பொருளை நிறுவும்போது லைப்ரரி பிழையா? அறிகுறியிலிருந்து தீர்வுக்கு

மரபணு வரிசைத் தரவைக் கையாளும் சாம்டூல்ஸ், பிசிஎஃப்டூல்ஸ், பிடபிள்யூஏ போன்ற கருவிகளை மூலநிரலிலிருந்து நிறுவும்போது டெர்மினலில் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி ஓடினால், கருவியே சரியில்லை என்று கைவிட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. சுருக்கிய கோப்பைப் பிரிக்க இசட்லிப், இணையத்திலுள்ள கோப்பைப் படிக்க லிப்கர்ல், டெர்மினல் திரையைக் கையாள என்கர்சஸ் என்று அது நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகளில், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளில், ஏதோ ஒன்றில்தான் சிக்கல். அந்த லைப்ரரி கணினியில் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் கண்ணில் படாமல் இருக்கலாம். வேறு பதிப்பாக இருக்கலாம்.

எது என்று தெரிய, பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் சோதிக்கும்போது வந்ததா, கம்பைலர் மூலநிரலைப் படிக்கும்போதா, லிங்கர் துண்டுகளைக் கோக்கும்போதா, எல்லாம் முடிந்து கருவியை ஓட்டும்போதா? ஒரே இசட்லிப் இந்த நான்கு இடத்திலும் நான்கு விதமாக முறையிடும். ஒரு கட்டத்துக்கான மருந்து இன்னொரு கட்டத்தில் வேலை செய்யாது.

இன்னொன்று: கடைசிப் பிழையை விட்டுவிட்டு முதல் பிழையைத் தேடுங்கள். 'மேக்' கட்டளையை '-ஜே8' என்று எட்டு வேலைகளாகப் பிரித்து ஓட்டியிருந்தால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'மேக் கிளீன்' கொடுத்துவிட்டு, வெறும் 'மேக்' என்று ஒருமுறை ஓட்டினால் உண்மையான முதல் பிழை தனியாக நிற்கும். கட்டளைகளையும் செய்திகளையும் இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் தோன்றும்.

அறிகுறி: 'இசட்லிப்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'

எல்லோரும் முதலில் சந்திப்பது இதுதான். பெயர் மட்டும் மாறும்: பிஇசட்லிப்.எச், எல்இசட்எம்ஏ.எச், கர்சஸ்.எச். முடிவில் 'எச்' இருந்தால் அது ஹெட்டர் கோப்பு, அதாவது லைப்ரரியில் என்னென்ன செயற்கூறுகள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு. கம்பைலர் கேட்பது அதைத்தான்.

"இசட்லிப் ஏற்கெனவே இருக்கிறதே!" என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. இருக்கிறது, உண்மை. ஆனால் லினக்ஸ் வழங்கல்கள் ஒரு லைப்ரரியை இரண்டு பேக்கேஜ்களாகப் பிரித்துத் தருகின்றன. நிரல் ஓடுவதற்குத் தேவையானது ஒன்று. அந்த லைப்ரரியை வைத்து புதிய நிரலைக் கட்டுவதற்கான ஹெட்டர் கோப்புகள் மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் கணினியில் ஏற்கெனவே இருக்கும். இரண்டாவதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் அதன் பெயர் '-டெவ்' என்று முடியும். ரெட் ஹாட் குடும்பத்தில் '-டெவல்' என்று முடியும்.

சாம்டூல்ஸ், பிசிஎஃப்டூல்ஸ் இரண்டுக்கும் அடித்தளமான எச்டிஎஸ்லிப் கேட்பவற்றை உபுண்டுவில் ஒரே கட்டளையில் 'ஏபிடி இன்ஸ்டால்' செய்துவிடலாம்: இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ். வரிசைத் தரவை டெர்மினலிலேயே காட்டும் சாம்டூல்ஸின் 'டிவியூ' திரைக்காக லிப்என்கர்சஸ்-டெவ்-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசட்லிப்1ஜி-யில் வருவது எண் ஒன்று. அதை 'எல்' என்ற எழுத்தாக அடித்தால் அப்படியொரு பேக்கேஜ் இல்லை என்றே பதில் வரும்.

ரெட் ஹாட் குடும்பத்தில் இசட்லிப்-டெவல், பிஇசிப்2-டெவல், லிப்கர்ல்-டெவல், ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல், என்கர்சஸ்-டெவல். எல்இசட்எம்ஏ மட்டும் அங்கே வேறு பெயரில் இருக்கிறது: எக்ஸ்இசட்-டெவல். பெயர் தெரியாமல் பலர் தேடிச் சலித்துப்போகும் பேக்கேஜ் இது. பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்' என்று கொடுத்து, நட்சத்திரக் குறி, சாய்கோடு, ஹெட்டர் கோப்பின் பெயர் ஆகியவற்றைத் தொடர்ந்து எழுதினால், அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். உபுண்டுவில் இதே வேலையை 'ஏபிடி-ஃபைல்' செய்கிறது.

நிர்வாகி உரிமை இல்லாதவர்களுக்கு 'கான்ஃபிகர்' ஒரு வழி தருகிறது: '--டிஸேபிள்-பிஇசட்2', '--டிஸேபிள்-எல்இசட்எம்ஏ', '--டிஸேபிள்-லிப்கர்ல்', '--வித்தவுட்-கர்சஸ்'. கடைசி இரண்டில் பெரிய இழப்பு இல்லை. தொலைவிலுள்ள கோப்பை எச்டிடிபிஎஸ் வழியே நேரடியாகப் படிக்கும் வசதியும் டிவியூவும் போகும், அவ்வளவுதான். முதல் இரண்டில் எச்சரிக்கை வேண்டும். வரிசைத் தரவைச் சுருக்கிச் சேமிக்கும் கிராம் வடிவக் கோப்புகள் தம் உள்ளடக்கத்தைச் சுருக்க பிஇசிப்2, எல்இசட்எம்ஏ முறைகளைப் பயன்படுத்தலாம். அவற்றை விலக்கிக் கட்டிய சாம்டூல்ஸ் உங்கள் சொந்தக் கோப்புகளில் நன்றாக ஓடிவிட்டு, பிறகொரு நாள் வேறொரு ஆய்வகம் அனுப்பிய கிராம் கோப்பைத் திறக்க முடியாமல் நிற்கும். அன்றைக்குக் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் இந்த இரண்டையும் விலக்காதீர்கள் என்பதே என் பரிந்துரை.

அறிகுறி: 'கான்ஃபிகர்' பாதியில் நிற்கிறது, அல்லது அந்த ஸ்கிரிப்டே இல்லை

பாதியில் நின்றால், அதே கோப்புறையில் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு உருவாகியிருக்கும். திரையில் வரும் ஒரு வரிச் செய்தியைவிட நூறு மடங்கு தகவல் அதில் உண்டு. நேராக அதன் கடைசிக்குப் போனால் மாறிகளின் நீண்ட பட்டியல்தான் கிடைக்கும், அது பயன்படாது. எந்தச் சோதனை தோற்றது என்று திரை சொன்னதோ, அந்தச் சொல்லை வைத்துக் கோப்புக்குள் தேடுங்கள். கான்ஃபிகர் எழுதிய சிறு சோதனை நிரலும், கம்பைலர் அதற்குச் சொன்ன பதிலும் அடுத்தடுத்து இருக்கும். சில நேரம் லைப்ரரிக்கும் பிழைக்கும் தொடர்பே இருக்காது. கம்பைலரே நிறுவப்படவில்லை என்று தெரியவரும். அப்போது உபுண்டுவில் 'பில்ட்-எசென்ஷியல்' பேக்கேஜ் போதும்.

ஸ்கிரிப்டே இல்லை என்றால், நீங்கள் எடுத்த மூலநிரல் எது என்று பாருங்கள். கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கீழே 'சோர்ஸ் கோடு' என்று தானாக உருவாகும் கோப்பு ஒன்று இருக்கும். சாம்டூல்ஸைப் பொறுத்தவரை அது முழுமையானதல்ல. அதில் எச்டிஎஸ்லிப்பும் இல்லை, கான்ஃபிகரும் இல்லை. பெயரோடும் பதிப்பெண்ணோடும் '.டார்.பிஇசட்2' என்று முடியும் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். கிட் குளோன் செய்தவர்களுக்கு வரும் இன்னொரு பிழை, எச்டிஎஸ்கோடெக்ஸ் கோப்புகள் இல்லை என்பது. அது எச்டிஎஸ்லிப்பின் துணைத் தொகுதியாகத் தனியே இருக்கிறது. எச்டிஎஸ்லிப் கோப்புறைக்குள் போய் 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்ஸிவ்' கொடுங்கள்.

அறிகுறி: 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்'

கம்பைலர் வேலையை முடித்துவிட்டது, லிங்கர் திணறுகிறது. மேற்கோளுக்குள் இருக்கும் செயற்கூறின் பெயரைப் பார்த்தாலே எந்த லைப்ரரி என்று சொல்லிவிடலாம். ஜிஇசட்ஓப்பன், இன்ஃப்ளேட், டிஃப்ளேட் என்றால் இசட்லிப். பிஇசட்2 என்று தொடங்கினால் பிஇசிப்2. கர்ல்-ஈஸி என்று தொடங்கினால் லிப்கர்ல். பவ், லாக், எஸ்க்யூஆர்டி போன்ற கணிதப் பெயர்கள் என்றால் கணித லைப்ரரியைச் சேர்க்கும் '-எல்எம்' விடுபட்டிருக்கிறது. 'டிஎஸ்ஓ மிஸ்ஸிங் ஃப்ரம் கமாண்ட் லைன்' என்ற சொற்றொடரும் கூடவே வந்தால், அதே வரியில் பெயர் சொல்லப்பட்ட லைப்ரரியைச் சேர்த்தால் போதும். என்கர்சஸ் விஷயத்தில் அது அநேகமாக டிஇன்ஃபோவாக இருக்கும்.

லைப்ரரி இருக்கிறது, இசட்லிப்பைச் சேர்க்கும் '-எல்இசட்' என்றும் எழுதியிருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறதா? வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. தேவை எது என்று தெரிந்த பிறகுதான் லைப்ரரியிலிருந்து எடுக்கும். ஆகவே '-எல்இசட்' என்பது அதைப் பயன்படுத்தும் கோப்புகளுக்குப் பின்னால் வர வேண்டும். பழைய மேக்ஃபைல்கள் பலவற்றில் இது முன்னால் இருக்கும். அதே காரணத்தால்தான், லைப்ரரிப் பெயர்களை 'எல்டிஃப்ளாக்ஸ்' மாறியில் போடாமல் 'லிப்ஸ்' மாறியில் போட வேண்டும். முதலாவது வரியின் முன்பகுதியிலும் பின்னது வரியின் முடிவிலும் சேர்வது வழக்கம்.

அறிகுறி: 'மல்டிபிள் டெஃபினிஷன்'

பழைய சி மொழிக் கருவியைப் புதிய கம்பைலரில் கட்டும்போது வருவது. 2020-இல் வெளியான ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு, அதுவரை பொறுத்துக்கொண்ட ஒரு பழக்கத்தை நிறுத்திவிட்டது. ஒரு மாறியை ஹெட்டர் கோப்பில் அறிவித்து, அந்த ஹெட்டரைப் பல கோப்புகளில் சேர்த்தால், முன்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே கருதும். இப்போது ஒவ்வொன்றும் தனி வரையறை.

பிடபிள்யூஏ 0.7.17 பதிப்பு இதற்குச் சரியான உதாரணம். 'ஆர்எல்இ_ஆக்ஸ்டேப்' பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று லிங்கர் நின்றுவிடும். ஆர்எல்இ.எச் கோப்பைத் திறந்தால் எட்டு இடங்கள் கொண்ட அந்த அட்டவணையின் அறிவிப்பு ஒரே வரியில் இருக்கும். அந்த வரியின் தொடக்கத்தில் 'எக்ஸ்டர்ன்' என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். மதிப்புகளோடு கூடிய உண்மையான வரையறை ஆர்எல்இ.சி கோப்பில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். மீண்டும் 'மேக்' கொடுத்தால் கருவி கட்டப்பட்டுவிடும்.

மூலநிரலைத் திருத்தத் தயங்குபவர்கள் கம்பைலருக்கு '-எஃப்காமன்' என்ற தெரிவைக் கொடுத்துப் பழைய நடத்தைக்கே திருப்பலாம். ஆனால் 'மேக்' கட்டளை வரியில் 'சிஃப்ளாக்ஸ்' மாறிக்கு மதிப்புக் கொடுத்தால், மேக்ஃபைலுக்குள் ஏற்கெனவே எழுதியிருந்தது முழுவதும் அழிந்து உங்களுடையது மட்டும் நிற்கும். அங்கே இருந்த '-ஓ2' என்ற வேகமாக்கும் தெரிவும் போய்விடும். பிழையில்லாமல் கட்டப்பட்ட பிடபிள்யூஏ ஆமை வேகத்தில் நகரும்போது யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. எனவே '-ஓ2', '-எஃப்காமன்' இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

அறிகுறி: 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்'

நிறுவல் முடிந்தது, ஓட்டினால் ஓடவில்லை. அதிகம் பேர் தவறான வைத்தியம் செய்வது இந்தப் பிழைக்குத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் 'எல்டிடி' என்று எழுதி, இடைவெளி விட்டு, கருவியின் முழுப் பாதையையும் கொடுங்கள். கருவி கேட்கும் லைப்ரரிகள் வரிக்கு ஒன்றாக வரும். இடப்பக்கம் பெயர், அம்புக்குறி, வலப்பக்கம் அது கிடைத்த பாதை. கிடைக்காத இடத்தில் 'நாட் ஃபவுண்ட்' என்றிருக்கும். மேக் கணினியில் இதற்கு 'ஓடூல் -எல்'. அந்த 'எல்' பெரிய எழுத்து.

கிடைக்காதது எச்டிஎஸ்லிப்பின் கோப்பான லிப்எச்டிஎஸ்.எஸ்ஓ.3 என்றால் நீங்கள்தான் சற்றுமுன் அதை நிறுவியிருப்பீர்கள். யூஎஸ்ஆர், லோக்கல், லிப் என்று போகும் பாதையில் கோப்பும் இருக்கும். நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடித் தரும் லோடர் தன் அட்டவணையைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். நிர்வாகி உரிமையோடு 'எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டினால் உபுண்டுவில் சரியாகிவிடும். ரெட் ஹாட் குடும்பத்தில் அந்தப் பாதை இயல்பாகத் தேடல் பட்டியலில் இருக்காது. ஈடிசி கோப்புறையின் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-க்குள் அந்தப் பாதையை எழுதிய சிறு கோப்பு ஒன்றை வைத்துவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.

கிடைக்காதது லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.0.0 என்றால் கதை வேறு. கருவிகளையும் அவற்றின் லைப்ரரிகளையும் 'சூழல்' என்ற தனிக் கோப்புறையில் நிறுவித் தரும் கோண்டா வழியாக சாம்டூல்ஸ் நிறுவியவர்களைப் படாத பாடு படுத்திய பிழை இது. கருவி, குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0 வரிசையை வைத்துக் கட்டப்பட்டது. சூழலில் இருப்பதோ 1.1 அல்லது அதற்குப் பிந்தையது. உடனே கிடைக்கும் அறிவுரை, இருக்கிற புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு பெயரிலிருந்து கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடு என்பது. செய்தால் பிழைச் செய்தி மறையும். கருவி ஓடவும் கூடும். ஆனாலும் செய்யாதீர்கள். 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 உள்கட்டமைப்பையே மாற்றிய பதிப்பு. பெயரில் எண் மாறியிருப்பது அதைச் சொல்வதற்காகத்தான். சிம்லிங்க் அந்த எச்சரிக்கையின் வாயை அடைக்கிறது. ஒரு நோயாளியின் மரபணு மாறுபாட்டைச் சொல்லப்போகும் கருவி எந்த லைப்ரரியோடு ஓடுகிறது என்பதில் பொய் இருக்கக் கூடாது.

சரியான வழி, கோண்டா பேக்கேஜ்களை எடுக்கும் தளங்களான சேனல்களின் வரிசையைத் திருத்துவது. உயிர்த்தகவலியல் கருவிகளுக்கான பயோகோண்டா சேனலின் பேக்கேஜ்கள் கோண்டா-ஃபோர்ஜ் சேனலின் லைப்ரரிகளை நம்பிக் கட்டப்படுகின்றன. எனவே முன்னுரிமையில் கோண்டா-ஃபோர்ஜ் முதலாவதாகவும் பயோகோண்டா அடுத்ததாகவும் இருக்க வேண்டும். 'சேனல்_பிரையாரிட்டி' என்ற அமைப்பு 'ஸ்டிரிக்ட்' என்றிருக்க வேண்டும். 'கோண்டா கான்ஃபிக் --ஷோ சேனல்ஸ்' கொடுத்து உங்கள் வரிசையைப் பாருங்கள். திருத்திய பிறகு பழைய சூழலை ஒட்டுப்போட முயலாமல் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். 'பேஸ்' சூழலில் எதையும் நிறுவ வேண்டாம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கருவிகளுக்குத் தனித்தனிச் சூழல் வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

லைப்ரரியை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியை உள்நுழைவு ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதி வைப்பதும் இதே போன்ற தற்காலிக நிம்மதிதான். அது ஒரு கருவிக்கு உதவும். அந்த டெர்மினலில் ஓடும் மற்ற எல்லாவற்றையும் தவறான லைப்ரரியின் பக்கம் திருப்பும். சொந்தக் கோப்புறையில் லைப்ரரி வைத்திருந்தால், கட்டும்போதே '-டபிள்யூஎல்,-ஆர்பாத்' தெரிவோடு அந்தப் பாதையை எல்டிஃப்ளாக்ஸில் கொடுத்துவிடுங்கள். பாதை கருவிக்குள்ளேயே பதிந்துவிடும். வேறு யாரையும் தொந்தரவு செய்யாது.

அறிகுறி: 'வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்'

எண் எதுவாகவும் இருக்கலாம். புதிய லினக்ஸில் கட்டிய கருவியைப் பழைய லினக்ஸில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். உங்களுடையது எது என்று 'எல்டிடி --வெர்ஷன்' சொல்லும். சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17, உபுண்டு 20.04-இல் 2.31, உபுண்டு 22.04-இல் 2.35. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியைக் கையால் மாற்ற முனையாதீர்கள். கணினியின் எல்லா நிரல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன, 'எல்எஸ்' கட்டளைகூட ஓடாமல் போகும். கருவியை இந்தக் கணினியிலேயே கட்டுங்கள், அல்லது கோண்டா பதிப்பைத் தேடுங்கள், அல்லது கருவியையும் அதன் லைப்ரரிகளையும் ஒன்றாக அடைத்துத் தரும் சிங்குலாரிட்டி, ஆப்டெய்னர் போன்ற கொள்கலனுக்குள் ஓட்டுங்கள்.

இதன் சகோதரப் பிழை 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.29'. ஜிசிசி 11-இன் சி++ லைப்ரரி வேண்டும் என்று அது கேட்கிறது. இங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை. பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் புதிய ஜிசிசி மாட்யூலை (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பை) ஏற்றினாலோ, கோண்டா சூழலில் 'லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்-என்ஜி' நிறுவினாலோ தீரும்.

அறிகுறி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'

லைப்ரரிகள் எல்லாம் சரி; எல்டிடி-யிலும் குறையில்லை; ஓட்டியவுடன் ஒரே வரியில் செத்துவிடுகிறது. கட்டும் கணினியின் செயலிக்கே பொருத்தமாக நிரலை ஆக்கும் '-மார்ச்=நேட்டிவ்' என்ற தெரிவோடு கட்டியிருப்பார்கள். கட்டிய கணினியின் செயலிக்கு ஏவிஎக்ஸ்-512 போன்ற கட்டளைத் தொகுப்பு தெரியும். ஓட்டும் கணினிக்குத் தெரியாது. கிளஸ்டரில் உள்நுழையும் கணினியும் கணக்கிடும் கணினியும் வேறு வேறு தலைமுறையாக இருப்பது சாதாரணம். அந்தத் தெரிவை நீக்கிவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

மேக் கணினியில் மட்டும் வருபவை

மேக்கின் பேக்கேஜ் மேலாளரான ஹோம்ப்ரூ வழியே லைப்ரரி நிறுவியும் ஹெட்டர் கிடைக்கவில்லை என்றால் பாதையைப் பாருங்கள். இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூ யூஎஸ்ஆர்-லோக்கலில் குடியிருந்தது. ஆப்பிள் சிலிக்கனில் ஆப்ட் கோப்புறையிலுள்ள ஹோம்ப்ரூவுக்கு இடம் மாறிவிட்டது. 'சிபிபிஃப்ளாக்ஸ்', 'எல்டிஃப்ளாக்ஸ்' இரண்டிலும் அந்தப் பாதையைச் சொல்ல வேண்டும். '-எஃப்ஓப்பன்எம்பி' தெரியாது என்று ஆப்பிளின் கம்பைலரான கிளாங் மறுத்தால், ஹோம்ப்ரூவின் ஜிசிசியைக் கம்பைலராகக் கொடுப்பது எளிது. 'ஈஎம்எம்இன்ட்ரின்.எச்' இல்லை, அல்லது அது இன்டெல் செயலிக்கு மட்டும் என்று வந்தால், எந்தப் பேக்கேஜையும் தேடாதீர்கள். அது இன்டெல் வகைச் செயலியின் கட்டளைகளுக்கான ஹெட்டர், ஏஆர்எம் செயலியில் பயன்படாது. மினிமேப்2 போன்ற கருவிகளில் இதற்கென்றே 'ஆர்ம்_நியான்=1 ஏஆர்ச்64=1' என்று மேக் கட்டளைக்குக் கொடுக்கும் வழி உண்டு.

ஆர், பெர்ல், பைதான் பேக்கேஜ்கள்

ஆர் மொழியில் 'நான்-ஸீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்' என்று வருவது முடிவு மட்டுமே. காரணம் மேலே இருக்கும். எக்ஸ்எம்எல் பேக்கேஜுக்கு லிப்எக்ஸ்எம்எல்2-டெவ் வேண்டும். கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற பேக்கேஜ்கள் எந்த வழங்கலில் எந்தப் பெயர் என்று தாமே ஒரு சிறு பட்டியல் அச்சிடுகின்றன. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம். ஆர் மொழியின் உயிர்த்தகவலியல் பேக்கேஜ் தொகுப்பான பயோகண்டக்டரின் ஒவ்வொரு வெளியீடும் ஆர் மொழியின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு கட்டுண்டது. ஆரை மேம்படுத்திய பிறகு 'பயோசிமேனேஜர்' தொகுதியின் 'வேலிட்' செயற்கூறை ஓட்டி, எவை பதிப்பு மாறி நிற்கின்றன என்று பாருங்கள்.

பெர்ல் 'லோடபிள் லைப்ரரி அண்ட் பெர்ல் பைனரீஸ் ஆர் மிஸ்மேட்ச்டு' என்று சொன்னால், ஒரு பெர்லுக்காகக் கட்டிய தொகுதியை இன்னொரு பெர்ல் எடுக்கிறது. 'பெர்ல்5லிப்' மாறியைக் காலி செய்துவிட்டுக் கோண்டா சூழலுக்குள் போங்கள். பைதானில் நிறுவிய தொகுதி காணவில்லை என்றால் 'பிப்' என்று மட்டும் எழுதாமல் 'பைதான் -எம் பிப்' என்று எழுதுங்கள். எந்தப் பைதானுக்குள் போகிறது என்பதில் ஐயமே வராது.

நிறுவிய பிறகு

பிழை வராததை மட்டும் நம்பாமல் 'சாம்டூல்ஸ் --வெர்ஷன்' கொடுத்துப் பாருங்கள். பதிப்பெண்ணுக்குக் கீழே எச்டிஎஸ்லிப் எவற்றோடு கட்டப்பட்டது என்று ஒரு வரி வரும்: லிப்கர்ல், எல்இசட்எம்ஏ, பிஇசிப்2, லிப்டிஃப்ளேட் ஒவ்வொன்றுக்கும் 'யெஸ்' அல்லது 'நோ'. எல்இசட்எம்ஏவுக்கோ பிஇசிப்2-க்கோ 'நோ' என்றிருந்தால் முதல் அறிகுறிக்குச் சொன்ன பேக்கேஜ்களை நிறுவி மறுபடி கட்டுங்கள். இசட்லிப்பின் வேலையை வேகமாகச் செய்யும் லிப்டிஃப்ளேட்டுக்கு 'நோ' என்பது பிழையல்ல. கோப்புகள் அனைத்தும் திறக்கும், சுருக்கும் வேலையும் பிரிக்கும் வேலையும் மட்டும் மெதுவாக நடக்கும். நாள் முழுக்க பாம் வடிவ வரிசைத் தரவுக் கோப்புகளோடு வேலை செய்பவர் லிப்டிஃப்ளேட்-டெவ்-ஐயும் நிறுவி, கான்ஃபிகரிலிருந்து இன்னொரு முறை தொடங்குவது நல்லது. கிளஸ்டரில் இருப்பவர்கள் இதே சோதனையை வேலை ஸ்கிரிப்டுக்குள்ளும் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள். உள்நுழையும் கணினியில் ஏற்றிய மாட்யூல்கள் கணக்கிடும் கணினியிலும் இருக்கின்றனவா என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.